தேங்காய் எண்ணெய்: தோல், முடி, உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேங்காய் எண்ணெயைப் பற்றி இரண்டு விதப் பேச்சு ஓயாமல் காதில் விழுகிறது. ஒரு சாராருக்கு அது சர்வரோக நிவாரணி. இன்னொரு சாராருக்கு முகத்தையும் இதயத்தையும் கெடுக்கும் கொழுப்பு. இரண்டையும் நம்பிக் காசையும் தோலையும் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். அதனால் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பல பதில்கள் 1, 5 ஆகிய கேள்விகளின் பதிலை வைத்துத்தான் சொல்லப்பட்டிருக்கின்றன.

1. தேங்காய் எண்ணெய்ல அப்படி என்னதான் இருக்கு?

முழுக்கக் கொழுப்பு. தண்ணீர் கிடையாது, புரதம் கிடையாது, வைட்டமின் என்று பெயர் சொல்லும் அளவுக்கும் எதுவும் கிடையாது. அந்தக் கொழுப்பில் ஏறக்குறைய பாதி, அதாவது 45 முதல் 53 சதவீதம் வரை, லாரிக் அமிலம். அடுத்தது மிரிஸ்டிக் அமிலம், 17 முதல் 21 சதவீதம். மொத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. அதனால்தான் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைகிறது, லேசில் சிக்குப்பிடிக்காமல் நாள்பட நிற்கிறது.

இந்த எண்ணெயின் நல்ல குணங்களும் தொல்லைகளும் பெரும்பாலும் லாரிக் அமிலத்திலிருந்தே வருகின்றன. முடிக்குள் புகுவது அதனால்தான். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. "தோலுக்குச் சத்து ஊட்டுகிறது" என்ற விளம்பர வாசகத்தை மட்டும் மறந்துவிடுங்கள். தோலுக்கான சத்து ரத்தத்தின் வழியாக வருகிறது, மேலே பூசுவதிலிருந்து அல்ல.

2. விர்ஜின், செக்கு, ரீஃபைண்டு, இதுல எதை வாங்கறது?

விர்ஜின் என்பது பச்சைத் தேங்காயிலிருந்து, அதிகச் சூடு படாமல், ரசாயனச் சுத்திகரிப்பு இல்லாமல் எடுத்தது. செக்கு எண்ணெய் உலர்ந்த கொப்பரையை ஆட்டி எடுப்பது. ரீஃபைண்டு என்பது கொப்பரை எண்ணெயையே வெளுத்து, வாசனை நீக்கியது. கொழுப்பு அமிலங்களின் விகிதம் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வாசனையும், சிறிதளவு இருக்கும் பாலிஃபீனால் போன்ற பொருள்களும்தான் மாறுகின்றன.

முடிக்கு மூன்றில் எதுவானாலும் சரி. எரிச்சலுள்ள தோலுக்கும் குழந்தைக்கும் விர்ஜின் நல்லது, தோல் குறித்த ஆய்வுகளில் பலவும் அதை வைத்தே நடந்தவை. செக்கு எண்ணெய் வாங்கினால் கொப்பரை எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். பூஞ்சை பிடித்த கொப்பரையை ஆட்டினால் அஃப்லாடாக்சின் என்ற நச்சு எண்ணெயில் கலக்க வாய்ப்பு உண்டு. வடிகட்டாத, காறலடிக்கும் எண்ணெயை "இயற்கையானது" என்பதற்காக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

3. பாட்டில்ல "கோகனட் ஹேர் ஆயில்"னு போட்டிருக்கு. இதுவும் அதே எண்ணெய்தானே?

பெரும்பாலும் இல்லை. லேபிளில் "லைட் லிக்விட் பாராஃபின்" அல்லது "மினரல் ஆயில்" முதல் இடத்தில் இருந்தால், அதில் பாதிக்கு மேல் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயாக இருக்கலாம். கூடவே வாசனைத் திரவியமும் நிறமும் இருக்கும். கனிம எண்ணெய் கெடுதல் இல்லை, முடியை வழவழப்பாக்கும். ஆனால் 7-ஆம் கேள்வியில் சொல்லும் வேலையைச் செய்யாது. வாசனைத் திரவியத்தால் நெற்றியிலும் கழுத்திலும் ஒவ்வாமை வருபவர்களும் உண்டு.

4. ஃபிரிட்ஜ்ல வெச்சா உறைஞ்சுடுச்சு. அப்ப சுத்தமானதுதானே?

அந்தச் சோதனை ஒரு விதமான கலப்படத்தை மட்டுமே காட்டும். சூரியகாந்தி எண்ணெய் போல, குளிரிலும் உறையாத எண்ணெயை நிறையக் கலந்திருந்தால், வெள்ளையாக உறைந்த பகுதிக்கு மேல் திரவமாக ஒரு அடுக்கு நிற்கும், அல்லது முழுதும் கூழாக இருக்கும். பாமாயில் பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயோ லாரிக் அமில அளவில் தேங்காய் எண்ணெயை ஒட்டியே இருக்கிறது. அதைக் கலந்தால் அழகாக உறையும், வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. உறைந்ததால் மட்டும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

5. கை காலுக்கு தினமும் தடவறேன். ஆனா கொஞ்ச நேரத்துலயே மறுபடி வறண்டு போகுதே, ஏன்?

வறண்ட தோலின் மேல் எண்ணெயை நேராகத் தடவுவதுதான் காரணம். எண்ணெய் ஈரத்தைத் தருவதில்லை. இருக்கும் ஈரம் ஆவியாகாமல், பானைக்கு மூடி போட்டதுபோல, தடுக்கிறது. உள்ளே ஈரமே இல்லையென்றால் மூடி எதைக் காக்கும்? அரை மணி நேரம் பளபளப்பாக இருக்கும், பிறகு அதே வெள்ளைச் செதில்.

குளித்து முடித்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றியெடுங்கள். தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், தடவிவிடுங்கள். உடல் முழுவதற்கும் 2 அல்லது 3 தேக்கரண்டி, அதாவது 10 முதல் 15 மில்லி போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக நீவுங்கள். எதிர்த் திசையில் அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துச் சிறு கொப்புளங்கள் வரும். குளிக்கும் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டு, சோப்பை இரண்டு முறை போட்டால், தோலின் சொந்த எண்ணெய்ப் படலம் கரைந்துபோகும். அதை வெளியிலிருந்து பூசி முழுமையாக ஈடுகட்ட முடியாது.

அப்படியும் வறட்சி தீரவில்லை என்றால் எண்ணெயை மட்டும் நம்பாதீர்கள். கிளிசரின் அல்லது யூரியா உள்ள கிரீம் நீரைப் பிடித்து வைக்கும். அதை முதலில் பூசி, மேலே எண்ணெயை மெல்லிசாகப் பூசலாம். வறட்சியோடு அசதி, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்திருந்தால் தைராய்டைப் பரிசோதிக்க வேண்டும்.

6. முகத்துக்கு போடலாமா? பரு வரும்னு பயமா இருக்கு.

பரு வரும் தோல் என்றால் போடாதீர்கள். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடிய வகை. லாரிக் அமிலம் பரு உண்டாக்கும் பாக்டீரியாவை ஆய்வகத்தில் கொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆய்வகத்தில் சோதித்தது தனி லாரிக் அமிலத்தை. எண்ணெயில் அது கிளிசரினோடு பிணைந்து கொழுப்பாக இருக்கிறது. முகத்தில் பூசினால் அடைப்புதான் முந்திக்கொள்ளும்.

பரு வராத, நல்ல வறண்ட முகத்துக்கு இரவில் 3 அல்லது 4 சொட்டு, ஈர முகத்தில் பூசலாம். முதலில் தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். அடைப்பு மெதுவாகத்தான் உருவாகும், ஒரே இரவில் தெரியாது. நெற்றியிலும் பக்கவாட்டிலும் மட்டும் சின்னச் சின்னப் பரு வருகிறதா? அது தலை எண்ணெய் வழிந்து வருவது. தலையணை உறையை மாற்றி, எண்ணெயை நெற்றி ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள். மேக்கப்பைக் கரைக்க இந்த எண்ணெய் நன்றாக உதவும், ஆனால் பிறகு முகத்தைக் கழுவிவிட வேண்டும். கண்ணுக்குள் போனால் பார்வை சற்று நேரம் மங்கும்.

7. தலைக்கு எண்ணெய் வெச்சா முடி வளருமா?

வளர்ச்சி மயிர்க்காலில், தோலுக்கு அடியில் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் அதைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முடி மாதத்துக்குச் சராசரியாக 1 செ.மீ. வளரும், எண்ணெய் வைத்தாலும் வைக்காவிட்டாலும். ஆனால் வளர்ந்த முடி உடையாமல் இருக்க இது நிச்சயம் உதவுகிறது. உடையாத முடி நீளும், அடர்த்தியாகத் தெரியும். "எண்ணெய் வைத்ததால் வளர்ந்தது" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

தலைமுடி தண்ணீரில் ஊறும்போது உப்பும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு முறை அலசும்போதும் முடியின் மேல் செதில்கள் தூக்கி, உள்ளிருக்கும் புரதம் கொஞ்சம் கரைந்துபோகும். லாரிக் அமிலக் கொழுப்பு சிறியது, நேர் வடிவமானது, முடியின் புரதத்தோடு ஒட்டும் தன்மையும் உண்டு. அதனால் அது முடித்தண்டின் உள்ளே புகுந்து, நீர் நுழைவதைக் குறைக்கிறது. தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. நல்ல முடியிலும் சரி, சாயம், சூடு பட்டுக் கெட்ட முடியிலும் சரி, இதே பலன்தான். இந்த எண்ணெயின் எல்லாப் பயன்களிலும் உறுதியாக நின்று பேசத்தக்கது இது.

வழுக்கை, திட்டுத் திட்டாக உதிர்தல், காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு கொத்தாகக் கொட்டுதல், இரும்புச்சத்துக் குறைவு போன்றவற்றுக்கு எண்ணெய் மருந்தாகாது. அவற்றில் சிலவற்றுக்கு நேரம் முக்கியம், எண்ணெயைச் சோதித்தபடி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

8. சரி, அப்ப எப்போ, எவ்வளவு வைக்கணும்?

அலசுவதற்கு முன். 7-இல் சொன்ன பாதுகாப்பு முடி நனையும் நேரத்தில்தான் தேவை. அரை மணி நேரம் குறைந்தபட்சம், சில மணி நேரம் இன்னும் நல்லது. இரவு முழுதும் வைப்பதில் தவறில்லை, ஆனால் பருவோ பொடுகோ இருந்தால் வேண்டாம். தோள்பட்டை வரை உள்ள முடிக்கு 1 முதல் 2 தேக்கரண்டி. நடுப்பகுதியிலிருந்து நுனி வரை முக்கியமாக வைக்க வேண்டும், ஏனென்றால் பழைய, சேதமான முடி அங்கேதான் இருக்கிறது. பலர் உச்சந்தலையில் ஊற்றி நுனியை விட்டுவிடுகிறார்கள்.

உறைந்திருந்தால் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்குங்கள், அடுப்பில் புகைய விட வேண்டாம். எண்ணெயை எடுக்கும்போது ஷாம்பூவை முதலில் சில சொட்டுத் தண்ணீரோடு குழைத்து, எண்ணெய் முடியிலேயே தேய்த்து, பிறகு நீர் ஊற்றுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஷாம்பூ வழுக்கிப் போகும், இரண்டு முறை போட நேரிடும்.

எண்ணெய் வைத்துச் சீவும்போது நிறைய முடி வருகிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒரு நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. இரண்டு மூன்று நாள் சீவாமல் இருந்தால் அவை எல்லாம் ஒரேயடியாக வரும். சிலருக்கு இந்த எண்ணெய் முடியை விறைப்பாக்கிவிடும். அளவைப் பாதியாக்கியும் மாறவில்லை என்றால் உங்கள் முடிக்கு அது ஒத்துவரவில்லை, வேறு எண்ணெய்க்கு மாறுங்கள்.

9. எண்ணெய் வெச்சா பொடுகு போகும்னு சொல்றாங்க, எனக்கு அதிகமாகுதே?

நீங்கள் கவனித்தது சரிதான். பொடுகு இரண்டு விதம். தலைத்தோல் வெறுமனே வறண்டு, மாவு போல உதிர்வது ஒன்று. அதற்கு எண்ணெய் உதவும். மற்றது மலசீசியா என்ற ஈஸ்டால் வருவது: மஞ்சளாக, பிசுபிசுப்பாக, அரிப்போடு இருக்கும், புருவத்திலும் மூக்கோரத்திலும்கூடச் செதில் தெரியும். அந்த ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. எண்ணெய் ஊற்றுவது அதற்குச் சாப்பாடு போடுவதாக முடியும்.

இரண்டாவது வகைக்குக் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை, 3 முதல் 5 நிமிடம் தலைத்தோலில் விட்டு அலசுங்கள், 2 முதல் 4 வாரம். எண்ணெய் வேண்டுமென்றால் நுனிமுடிக்கு மட்டும். தடித்த செதிலை ஊறவைக்க ஒரு மணி நேரம் வைத்து உடனே அதே ஷாம்பூவால் அலசுவது பரவாயில்லை.

10. பேனுக்கு எண்ணெய் வெச்சா செத்துடுமா?

நம்ப முடியாது. பேன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும், ஈருக்கோ ஒன்றும் ஆகாது. எண்ணெயின் உபயோகம் வழுக்கலில் இருக்கிறது: பேன் ஓடுவது மெதுவாகும், நெருக்கமான பேன்சீப்பு இழுக்காமல் போகும். நிறைய எண்ணெய் வைத்து, பாகம் பாகமாகப் பிரித்து, வேர் முதல் நுனி வரை வாரி, ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் 1, 5, 9, 13-ஆம் நாட்களில் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே நாளோடு விட்டால் வாரத்துக்குள் மறுபடி தொடங்கும்.

11. எக்ஸிமா இருக்கற குழந்தைக்கு போடலாமா?

எக்ஸிமா என்பது தோல் சிவந்து, வறண்டு, அரிக்கும் அழற்சி. அது லேசாகவோ மிதமாகவோ இருந்தால் விர்ஜின் எண்ணெய்க்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்து, 2014-இல் வெளியான ஆய்வில் கனிம எண்ணெயைவிட இது அரிப்பையும் சிவப்பையும் அதிகம் குறைத்தது. 5-இல் சொன்னபடி குளித்த உடனே, ஒரு நாளுக்கு இரண்டு முறை.

ஆனால் தோல் கசிந்துகொண்டிருந்தால், தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தால், காய்ச்சல் இருந்தால் எண்ணெயை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள், அது தொற்று. கொப்புளங்கள் கூட்டமாக வந்து வலித்தால் அன்றே காட்ட வேண்டும். ஸ்டீராய்டு களிம்பு கொடுத்திருந்தால் எண்ணெய் அதற்கு மாற்று அல்ல. முதல் முறை போடுமுன் முழங்கை மடிப்பில் சிறு நாணய அளவில் காலை மாலை ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

12. கைக்குழந்தைக்கு உடம்பு முழுக்க தேய்ச்சு, மூக்குலயும் காதுலயும் ரெண்டு சொட்டு விடலாம்ல?

தேய்க்கலாம். விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் வழியும். நுரையீரலால் அதை எளிதில் வெளியேற்ற முடியாது, கொழுப்பு நிமோனியா என்ற அழற்சி வரும். குழந்தை இருமாமலேயே இது நடக்கலாம் என்பதுதான் ஆபத்து. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். காதில் செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது, எண்ணெய் உள்ளே போய்த் தொற்றாகும்.

தேய்ப்பதற்கு ஒரு தேக்கரண்டி போதும், மென்மையாக நீவினால் போதும், கை கால்களை முறுக்கவோ இழுக்கவோ வேண்டாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு மடிப்புகளில் எண்ணெய் தங்கினால் வேர்வையோடு சேர்ந்து புண்ணாகும், அங்கே ஒற்றியெடுங்கள். எண்ணெய்க் குழந்தை கையிலிருந்து வழுக்கும், தரையில் விரித்த துணியில் உட்கார்ந்தே செய்யுங்கள். டயப்பர் படும் இடம் சிவந்திருந்தால் எண்ணெயைவிட ஜிங்க் ஆக்சைடு களிம்பு நன்றாக வேலை செய்யும்.

13. கிருமியைக் கொல்லும்னா படர்தாமரைக்கும் போடலாம்தானே?

வேண்டாம். 6-இல் சொன்ன அதே விஷயம்: ஆய்வகத்தில் நடப்பது தோலில் அப்படியே நடப்பதில்லை. எண்ணெய் பூசினால் செதில் மறைந்து, ஓரம் மங்கி, குணமானதுபோலத் தெரியும். பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும். டெர்பினாஃபைன் அல்லது குளோட்ரிமசோல் களிம்பைத் திட்டுக்கு வெளியே 2 செ.மீ. வரை, மருத்துவர் சொன்ன காலம் முழுவதும் போடுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், படர்தாமரையை முரட்டுப் பிடிவாதமாக்குவது அதுதான்.

14. சுட்டுக்கிட்டா உடனே தேங்காய் எண்ணெய்?

கூடாது. எண்ணெய் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், காயத்தின் ஆழத்தைக் கணிக்கவும் விடாது. ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலும், உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயம் முழுதும் மூடி, புதுத்தோல் வறண்டு இழுக்கும் கட்டத்தில் எண்ணெய் நன்றாக உதவும்.

15. சன்ஸ்கிரீனுக்குப் பதிலா போடலாமா? எஸ்பிஎஃப் இருக்குன்னு படிச்சேன்.

தேங்காய் எண்ணெயின் எஸ்பிஎஃப், அதாவது வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு, 7 சொச்சம் என்று ஒரு எண் உலவுகிறது. அது ஆல்கஹால் கரைசலில் கலந்து கருவியில் அளந்தது, தோலில் பூசி அளந்தது அல்ல. வெயிலுக்கு வேண்டியது குறைந்தது எஸ்பிஎஃப் 30. எண்ணெயை நம்பி வெயிலில் நின்றால் கறுக்கும், எரியும்.

16. குதிகால் வெடிப்புக்கு எப்படிப் போடணும்? எனக்கு சர்க்கரை வேற இருக்கு.

முதலில் சர்க்கரை இல்லாதவர்களுக்கு. வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கும் பியூமிஸ் கல்லால் தடித்த விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்து, ஒற்றி, ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் எண்ணெய்க்கு முன் 20 அல்லது 25 சதவீத யூரியா கிரீம். தடித்த தோலைக் கரைக்கும் வேலை யூரியாவுடையது, எண்ணெயுடையது அல்ல. பின்பக்கம் திறந்த செருப்பு போட்டபடி இருந்தால் வெடிப்பு திரும்ப வரும்.

சர்க்கரை இருந்தால் ஊறவைப்பதும் கல்லால் தேய்ப்பதும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடும் காயமும் தெரியாது. காலைக் கழுவித் துடைத்து, பாதத்தின் மேலும் அடியிலும் மெல்லிசாகப் பூசுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் பூசாதீர்கள், அங்கே ஈரம் தங்கி ஊறிப் பூஞ்சை வரும். வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

17. தழும்பு, கரும்புள்ளி, பிரசவ வரி எல்லாம் மறையுமா?

மறையாது. தோல் வழவழப்பாவதால் வரிகள் சிறிது நேரம் குறைவாகத் தெரியும், அவ்வளவே. வயிற்று அரிப்புக்குக் கர்ப்பிணிகள் தாராளமாகப் பூசலாம். ஆனால் உள்ளங்கை, உள்ளங்காலில் கடும் அரிப்பு இருந்தால் அது கல்லீரல் தொடர்பாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

18. ஆயில் புல்லிங் செஞ்சா பல் துலக்க வேண்டாமா?

கட்டாயம் துலக்க வேண்டும். பல் சொத்தையைத் தடுப்பது ஃப்ளூரைடு, எண்ணெயில் அது கிடையாது. எண்ணெயைக் கொப்பளிப்பதால் வாய்நாற்றமும் ஈறுப் படிவமும் ஓரளவு குறையலாம் என்று சிறு ஆய்வுகள் உண்டு. ஆனால் ஆதாரம் போதாது என்பதால் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதைப் பரிந்துரைக்கவில்லை. செய்ய ஆசைப்பட்டால் ஒரு தேக்கரண்டி, 5 முதல் 10 நிமிடம், நிமிர்ந்து உட்கார்ந்து. அண்ணாந்து தொண்டையில் கொப்பளிக்கக் கூடாது, காரணம் 12-இல் இருக்கிறது. குழந்தைகளுக்கும், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் வேண்டாம். துப்புவது குப்பைக்கூடையில், தொட்டியில் அல்ல. குளிர்ந்த குழாயில் உறைந்து அடைத்துவிடும்.

19. தினமும் வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடிச்சா நல்லதுங்கறாங்க. கொலஸ்ட்ரால் ஏறுமா?

ஏறும். 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வெளியான தொகுப்பில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் "கெட்ட" கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லைச் சராசரியாக 10 மி.கி./டெ.லி. அளவுக்குக் கூட்டியது. "நல்ல" கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 4 அளவுக்குக் கூடியது. நல்லதும் கூடுகிறதே என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் எச்டிஎல்லைக் கூட்டினால் மாரடைப்பு குறையும் என்று நிரூபணமாகவில்லை, எல்டிஎல் கூடினால் ஆபத்து கூடும் என்பது நிரூபணமானது.

ஒரு மேசைக்கரண்டியில் 13.6 கிராம் எண்ணெய், அதில் சுமார் 11 முதல் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, ஏறக்குறைய 120 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது சுமார் 22 கிராம். குடிக்கும் அந்த ஒரு கரண்டியே பாதியைத் தின்றுவிடும். சமையலில் சுவைக்காக அளவோடு சேர்ப்பது வேறு, மருந்தென்று குடிப்பது வேறு. இரண்டாவதற்கு ஆரோக்கியமானவருக்கும் அவசியமில்லை. இதய நோய், சர்க்கரை, குடும்பத்தில் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அறவே தவிர்க்க வேண்டும்.

20. ஆனா அது எம்சிடி, உடனே எரிஞ்சுடும், கொழுப்பா சேராதுன்னு சொல்றாங்களே?

கடையில் எம்சிடி, அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, என்று விற்பது 8, 10 கார்பன் உள்ள அமிலங்களைத் தனியே பிரித்தெடுத்தது. அந்த ஆய்வு முடிவுகளைத் தேங்காய் எண்ணெய்க்கு ஒட்டவைத்துவிட்டார்கள். தேங்காய் எண்ணெயில் அந்த இரண்டும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 1-இல் பார்த்த லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன். பெயரளவில் நடுத்தரச் சங்கிலி என்றாலும், குடலில் அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் உறிஞ்சப்படுகிறது.

21. டாக்டர் குடுத்த களிம்பு, எண்ணெய், சன்ஸ்கிரீன். எதை முதல்ல போடறது?

களிம்பு முதலில், சுத்தமான தோலில். 20 முதல் 30 நிமிடம் விட்டு, எண்ணெய். எண்ணெயை முதலில் போட்டால் களிம்பு நீர்த்து, தேவையில்லாத இடத்துக்கும் பரவும். எண்ணெய் பூசி மேலே பிளாஸ்டிக்கோ இறுக்கமான துணியோ சுற்றாதீர்கள், அடியிலுள்ள ஸ்டீராய்டின் வீரியம் பல மடங்கு கூடித் தோல் மெலிந்துபோகும். சன்ஸ்கிரீன் எண்ணெய்மேல் சீராக ஒட்டாது, திட்டுத் திட்டாக நழுவும். அதனால் எண்ணெயை இரவுக்கு ஒதுக்கி, சன்ஸ்கிரீனைப் பகலுக்கு வையுங்கள்.

22. கேட்க கூச்சமா இருக்கு. உறவின்போது வறட்சிக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூச்சப்பட வேண்டியதில்லை, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஆணுறை பயன்படுத்தினால் கூடாது. லேடெக்ஸ், பாலிஐசோபிரீன் இரண்டையும் எண்ணெய் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். நீர் சார்ந்த அல்லது சிலிகான் லூப்ரிகண்டை வாங்குங்கள். ஆணுறை இல்லாதவர்கள் வெளிப்புறத்தில் சிறிது பூசலாம். அடிக்கடி வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தால் நிறுத்துங்கள். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சிக்கு மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது.

23. எண்ணெய்ல சோப்பு வாசனை வருது. கெட்டுப்போச்சா?

ஆமாம். தண்ணீர் கலந்தால் கொழுப்பு உடைந்து லாரிக் அமிலம் தனியே பிரியும், சோப்பு நெடியும் தொண்டைக் கரகரப்பும் அதிலிருந்து வருகின்றன. ஈரக் கையையோ ஈரக் கரண்டியையோ பாட்டிலில் விட்டதுதான் பெரும்பாலும் காரணம். குளியலறையில் வைத்திருப்பதும் இதே விளைவைத் தரும். இலை, பூ போட்டு வீட்டில் காய்ச்சுபவர்களுக்கும் இது நடக்கும்: இலையின் ஈரம் முழுதும் போய்ச் சலசலப்பு அடங்கும்வரை சிறுதீயில் வைத்து, வடிகட்டி, ஆறிய பிறகே மூட வேண்டும். உறைந்து உருகுவதால் எண்ணெய் கெடாது. பூஞ்சை மிதந்தாலோ காறலடித்தாலோ தோலுக்கும் வேண்டாம், கொட்டிவிடுங்கள். பெரிய பாட்டிலை இருட்டில் வைத்து, வாரத்துக்கு வேண்டியதைச் சின்னதில் மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

24. தலையணை உறை, துண்டு எல்லாம் பிசுக்கு. துவைச்சாலும் போகல.

பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் நேராகத் தேய்த்து 15 நிமிடம் விட்டு, துணி தாங்கும் அளவு வெந்நீரில் சோப்புத்தூளோடு துவையுங்கள். குளிர்ந்த நீரில் எண்ணெய் நாரிலேயே உறைந்துவிடும். உலர்த்துமுன் முகர்ந்து பாருங்கள், வாசனை இருந்தால் இன்னொரு முறை. எண்ணெய் ஊறிய துணி வேகமாகத் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதும் போய்விடாது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிய பெரியவர்கள், நோயாளிகள் அந்த உடையோடு அடுப்பு, விளக்கு, சிகரெட் அருகே போகக் கூடாது. அப்படிப்பட்ட துணிகளைச் சூடான உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் குவியலாக விட்டுவைக்கவும் வேண்டாம், கொடியில் காயப்போடுங்கள்.